இருங்காட்டுக்கோட்டை வட்டார ஏரிப்படிவுகளும் தொண்டைமண்டலப் பருவமழை வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

ஏரி வண்டலையும் காற்றடிப் புழுதியையும் சான்றாகக் கொண்டு பண்டைப் பருவமழையை மீட்டறியும் முயற்சி இந்தியாவில் அரை நூற்றாண்டாக நடைபெற்று வருகிறது. அம்முடிவுகளைத் தொண்டைமண்டல வரலாற்றோடு பொருத்திக் காண்பதில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகிய பகுதிகளின் மானாவாரி ஏரிகள் வடகிழக்குப் பருவமழையின் உள்ளூர்ச் சான்றகங்களாக அமையக்கூடும் என்பதும், அச்சான்று உள்வாயைவிடக் கரையின் அடியிலேயே நன்கு எஞ்சியிருக்கக்கூடும் என்பதும் இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: ஏரிப்படிவு, காற்றடிப் புழுதி, வடகிழக்குப் பருவமழை, தொண்டைமண்டலம், ஏரிவாரியம், தேரி, இருங்காட்டுக்கோட்டை

முன்னுரை

தொண்டைமண்டலத்தை ஏரிகளின் நாடு என்பது வழக்கு. பாலாறும் கொசத்தலையாறும் அடையாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையைத் தேக்கிவைத்தே இந்நிலத்தில் வேளாண்மை நிலைபெற்றது. பல்லவர் காலத்திலிருந்து இங்கு ஏரி வெட்டுதல் அரசறமாகவும் ஊரறமாகவும் கருதப்பட்டது. மகேந்திரவாடியின் மகேந்திர தடாகம், கூரம் செப்பேடு குறிக்கும் பரமேசுவர தடாகம், உத்திரமேரூரின் வயிரமேக தடாகம் ஆகியவை வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தவை. ஒரகடத்திற்கு மேற்கே தென்னேரி இன்றும் பாசனம் தருகிறது.

இவ்வேரிகளைப் பற்றிக் கல்வெட்டறிஞரும் பாசன வரலாற்றாசிரியரும் நிறைய எழுதியுள்ளனர். ஆயினும் அவர்கள் ஆராய்ந்தவை ஏரியின் நிருவாகம், நிலக்கொடை, வரி, நீர்ப்பங்கீடு என்பனவே. ஏரிக்குள் எவ்வளவு மழை வந்தது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. மழை எப்போதும் இன்றுபோலவே பெய்தது என்னும் சொல்லப்படாத எடுகோள் நம் வரலாற்றெழுத்தின் அடியில் கிடக்கிறது. மறுபுறம், அண்மைக்காலத்தில் வெளிவரும் காலநிலை ஆய்வுகளைப் படித்தவர், பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் மழையின் ஏற்ற இறக்கத்தோடு ஒட்டவைக்கும் அவசரத்தைக் காட்டுகின்றனர். இவ்விரண்டும் ஏற்கத்தக்கவை அல்ல.

சேற்றிலிருந்து மழையை அறியும் முறை

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் படியும் மண், மழைநீர் எங்கிருந்து எதை அரித்துக் கொண்டுவந்தது என்பதன் பதிவு. குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுக்கப்படும் துளைமாதிரியில் கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. மழை மிகுந்த ஆண்டுகளில் பருமணல் ஏரியின் நடுப்பகுதி வரை வந்து சேரும். வறண்ட காலங்களில் நுண்களியும் உப்புப் படிகங்களும் மிகும். மகரந்தத்தூள் அக்காலத்துச் செடிகொடிகளைக் காட்டும். கரிமப்பொருளில் உள்ள கார்பன் ஓரிடத்தான் விகிதம், நிலத்தை மூடியிருந்தது மரமா, வெப்பமண்டலப் புல்லா என்பதைப் பிரித்துணர்த்தும். காலத்தைக் கதிரியக்கக் கார்பன் கொண்டும், மணற்குறுமணிகள் கடைசியாக வெயிலைக் கண்ட நாளைக் கணிக்கும் ஒளிர்வுமுறை கொண்டும் வரையறுப்பர். அண்மைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஈயம்-210 உதவுகிறது.

இராசத்தானின் உப்பேரிகளில் குர்தீப் சிங் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட மகரந்த ஆய்வுகள் இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டன. சிந்துவெளி நாகரிகம் செழித்த காலம் ஈரமான காலம் என்றும், அது சிதைந்தது வறட்சியால் என்றும் ஒரு கருத்து அவ்வாய்விலிருந்து பரவியது. 1999ஆம் ஆண்டு என்செல் முதலியோர் லூன்கரன்சர் ஏரிப்படிவை ஆராய்ந்து, நகரங்கள் முழுமலர்ச்சி அடைவதற்கு முன்னரே அவ்வேரி வற்றிவிட்டது என்று காட்டினர். நாகரிகம் வறண்ட சூழலிலேயே தழைத்தது என்பது அதன் பொருள். இருபத்தைந்து ஆண்டுக்காலம் பாடநூல்களில் நின்ற ஒரு காரணவிளக்கம் நன்கு காலங்கணிக்கப்பட்ட ஒரே துளைமாதிரியால் ஆட்டங்கண்டது. தொண்டைமண்டலத்தைப் பற்றிப் பேசுமுன் நாம் மனங்கொள்ள வேண்டிய முன்னிகழ்வு இது.

தென்னிந்தியாவில் நீலகிரியின் மட்கரிச் சதுப்புகளை ஆராய்ந்து சுகுமார் முதலியோர் 1993இல் வெளியிட்ட கட்டுரை ஒரு திருப்புமுனை. ஏறத்தாழ 20,000 ஆண்டு காலத்தில் காடும் புல்வெளியும் மாறிமாறி மேலோங்கியதைக் கார்பன் ஓரிடத்தான் வழியே அவர்கள் காட்டினர். கடும் பனியூழியின்போது புல் பரவியதும், அதன்பின் ஈரம் மிகுந்து மரங்கள் திரும்பியதும் அதில் தெளிவாகப் புலப்பட்டன. பழனிமலையின் குக்கல் ஏரியிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பதிவு ஒன்று பின்னர்க் கிடைத்தது. கருநாடகத்தின் சித்ரதுர்க்கா அருகே திம்மண்ணநாயக்கனகெரே என்னும் ஏரியின் படிவுகளை மங்களூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சங்கர் முதலியோர் 2006இல் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பருவமழை ஏற்ற இறக்கத்தை மண்ணின் காந்தப்பண்பைக் கொண்டே அவர்கள் மீட்டெடுத்தனர். பாசன ஏரி ஒன்றும் காலநிலைச் சான்றகமாகலாம் என்பதற்கு நமக்கு மிக அண்மையில் உள்ள எடுத்துக்காட்டு அது.

காற்றடிப் புழுதி

காந்தப்பண்பு மழையை எவ்வாறு சொல்லும்? இதற்கு விடை சீனத்திலிருந்து வந்தது. வடசீனத்தின் லோயஸ் மேட்டுநிலத்தில் பாலைப்புழுதி காற்றால் அடித்துவரப்பட்டு நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்பில் படிந்துள்ளது. அதன் வரலாறு ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டு. குளிர்காலக் காற்று வலுத்தபோது வெளிறிய புழுதி குவிந்தது. கோடைப் பருவமழை வலுத்தபோது அப்புழுதியின்மேல் செம்மண் உருவாயிற்று. ஹெல்லரும் லியூவும் 1982இல் இவ்வடுக்குகளின் காந்தப்பண்பை அளந்து, புவியின் காந்தத் திசைமாற்றங்களைக் கொண்டு அவற்றின் காலத்தை வரையறுத்தனர். செம்மண் அடுக்குகளில் காந்த ஏற்புத்திறன் மிகுவதற்கு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த மண்ணில் நுண்ணிய மேக்னடைட்டு உருவாவதே முதன்மைக் காரணம் என்பது பின்வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. மழை மிகுந்தால் மண்ணில் நுண்காந்தத் துகள் மிகும். அம்மண் அரித்து ஏரிக்குள் வந்தால் ஏரிப்படிவின் காந்த ஏற்புத்திறனும் உயரும். சித்ரதுர்க்கா ஆய்வின் அடிப்படைத் தருக்கமும் இதுவே.

தமிழகத்தில் லோயஸ் இல்லை. காற்று கட்டிய நிலவடிவம் என்றால் நமக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் கடலோரத்துத் தேரிகளே. பனியூழியில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது வெளிப்பட்ட கடலடி மணல் அவற்றிற்கு ஊற்றாக இருந்திருக்கக்கூடும். மலைத்தொடரின் கணவாய்கள் வழியே வறண்டு வீசும் தென்மேற்குக் காற்று உள்நாட்டுச் செம்மண்ணைக் கொண்டுவந்து சேர்த்தது என்பாரும் உளர். அங்குக் கிடைத்த நுண்கற்கருவிகளைச் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் விரிவாக எழுதினர். தேரியில் மணல் பறந்த காலமும் அது செம்மண்ணாக உறைந்து நின்ற காலமும் மாறிமாறி வந்தன. மனிதர் தங்கியது எக்காலத்தில் என்பதே அவ்வாய்வின் உயிர்நாடி. தமிழில் நெய்தலுக்கும் பாலைக்கும் இடையே கிடக்கும் இந்நிலத்தைப் பற்றி நம் ஆய்விதழ்களில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் புழுதி இல்லையா எனின், உண்டு; ஆனால் அது வேறுவகை. 1990களின் பிற்பகுதி முதல் இங்கு மோட்டார் வாகனத் தொழிலும் அதைச் சார்ந்த வார்ப்புப் பட்டறைகளும் பெருகின. நெடுஞ்சாலைப் போக்குவரத்தும் உலைகளும் நுண்ணிய இரும்புக் கோளத்துகள்களைக் காற்றில் கலப்பவை. அவை ஏரிகளின் மேலடுக்கில் படிந்திருக்கும் என எதிர்பார்க்கலாம். ஆகவே இவ்வட்டாரத் துளைமாதிரி ஒன்றின் உச்சியில் காந்த ஏற்புத்திறன் உயர்ந்து காணப்பட்டால், அதை மழை மிகுதி என்று படிப்பது பெரும்பிழையாகும். அதே உயர்வைத் தொழில்மயக் காலத்தின் தொடக்கக் குறியாகக் கொண்டால் அதுவே காலக்கணிப்புக்கு உதவும்.

எந்த மழை?

வட இந்தியப் பதிவுகளும் மராட்டிய, கருநாடகப் பதிவுகளும் காட்டுவது தென்மேற்குப் பருவமழையை. தொண்டைமண்டலக் கடலோரமோ தன் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெறுவது. பழந்தமிழர் காரையும் கூதிரையும் வெவ்வேறு பெரும்பொழுதாக வைத்தது இவ்விரண்டு மழையின் வேறுபாட்டை உணர்ந்தே எனலாம். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குபவை அல்ல. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பொய்ப்பதும் வடகிழக்கு மழை மிகுவதும் பலமுறை நேர்ந்துள்ளன; 2015 அவ்வாறான ஆண்டு.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மராட்டியத்தின் லோனார் ஏரிப்படிவை ஆராய்ந்த பிரசாத் முதலியோர் 2014இல், இற்றைக்கு 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பும், 2,000 முதல் 600 ஆண்டுகளுக்கு முன்பும் இரண்டு நீண்ட வறட்சிக் கட்டங்கள் இருந்ததாக முடிவுசெய்தனர். இரண்டாவது கட்டம் பல்லவ, சோழ காலத்தைத் தன்னுள் அடக்குகிறது. தொண்டைமண்டலத்தில் ஏரிகள் பெருகியதும் அப்போதுதான். வறட்சியே ஏரிகளைப் பெருக்கிற்று என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கேட்பதற்கு அழகாகவும் இருக்கும். ஆனால் லோனார் சொல்வது தக்காணத்தின் தென்மேற்கு மழையைப் பற்றி. தக்காணம் வறண்ட அதே நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையோரம் ஈரமாக இருந்திருக்கவும் கூடும். அவ்வாறாயின் ஏரிகள் பற்றாக்குறையின் விளைவாகா. மிகுந்த நீரைப் பிடித்துவைக்கும் வாய்ப்பின் விளைவாகும். பிரமதேயக் குடியேற்றம், நெல்விளைவின் விரிவு, கோயிற்பொருளாதாரம் ஆகிய காரணங்கள் எவ்வித மழைமாற்றமுமின்றியே ஏரிகளைப் பெருக்கியிருக்கலாம் என்பது மூன்றாவது வாய்ப்பு. இம்மூன்றில் எது என்று தீர்மானிக்க நமக்கு வேண்டியது லோனார் அன்று, இவ்வட்டாரத்தின் சேறு.

ஊர்ப்பெயர்களைக் கொண்டு இதனைத் தீர்க்க முயல்வாரும் உளர். இருங்காடு, வெங்காடு, செங்காடு, காட்டரம்பாக்கம் என்று திருப்பெரும்புதூரைச் சுற்றிக் காட்டுப்பெயர்கள் நெருங்கியிருப்பது உண்மை. அடர்ந்த காடு இருந்ததெனில் மழையும் மிகுந்திருந்தது என்பது அவர்தம் வாதம். காடு என்னும் சொல் தமிழில் மரமடர்ந்த வனத்தையும் குறிக்கும், புன்செய்க் கொல்லையையும் குறிக்கும். பெயர் வழங்கத் தொடங்கிய காலமும் தெரியாதபோது அதை மழைமானியாகக் கொள்வது பொருந்தாது.

ஏரி என்னும் சான்றகத்தின் குறைகள்

இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஏரிகள் பெரும்பாலும் ஆழங்குறைந்தவை. கோடையில் வற்றி வெடிப்பவை. வெடிப்பின் வழியே மேல்மண் கீழடுக்கில் விழும். மாட்டின் குளம்பும் உள்வாயில் நடக்கும் பயிரிடலும் அடுக்குகளைக் கலக்கும். காற்றுப்பட்ட மகரந்தம் அழியும். நீலகிரிச் சதுப்பின் தூய்மையை இங்கு எதிர்பார்த்தல் இயலாது.

இதனினும் பெரிய சிக்கல் மனிதச் செயல். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரிவாரியத்தைக் குறிக்கின்றன. ஏரியில் ஆண்டுதோறும் குழி வெட்டி, மண்ணை அள்ளிக் கரையில் இட அறக்கட்டளைகள் வைக்கப்பட்டதைத் தொண்டைமண்டலக் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. தூர்வாருதல் எவ்வளவு ஒழுங்காக நடந்ததோ அவ்வளவுக்குக் காலநிலைப் பதிவு அழிந்தது. நம் முன்னோரின் நல்லாட்சி படிவியலாளருக்கு இழப்பாக முடிந்த விந்தை இது. ஆனால் அள்ளிய மண் எங்கே சென்றது என்று கேட்டால் வழி திறக்கிறது: கரைக்கு. கரை தலைமுறைதோறும் உயர்த்தப்பட்ட அடுக்குமேடு. அதன் உடல் கலப்புமண்ணாதலால் மழையின் தொடர்பதிவாகாது. எனினும் எப்போதெல்லாம் ஏரி பேணப்பட்டது, எப்போது கைவிடப்பட்டது என்பதை ஒளிர்வுமுறையால் அறியலாம். கரையின் அடியில், முதல் கூடை மண் கொட்டப்பட்ட நாளில் மூடுண்ட பழைய நிலப்பரப்போ எவராலும் அள்ளப்படாதது. ஏரி தோன்றுமுன் அங்கு நின்றது காடா, புல்லா, தினைக்கொல்லையா என்பதை அம்மண்ணின் கார்பன் ஓரிடத்தானும் புல்லினக் கல்மணிகளும் சொல்லக்கூடும்.

இது வெறுங்கற்பனை அன்று. இலங்கையில் அநுராதபுரத்தின் சுற்றுப்புறத்து வறண்ட குளம் ஒன்றின் கரையையும் படிவையும் கில்லிலண்ட் முதலியோர் ஒளிர்வுமுறையாலும் மண் நுண்ணமைப்பியலாலும் ஆராய்ந்து, அது கட்டப்பட்டதும் கைவிடப்பட்டதுமான வரலாற்றை 2013இல் வெளியிட்டனர். விசயநகரப் பகுதியில் காத்லீன் மாரிசன் நீர்த்தேக்கப் படிவின் மகரந்தத்தையும் கரித்துகளையும் கொண்டு வேளாண் விரிவை எழுதினார். இவ்விரு முறையும் தொண்டைமண்டலத்தில் ஒருசேரப் பயன்படத்தக்கவை.

எந்த ஏரியைத் தேர்வது?

பெரிய ஏரியே சிறந்தது என்று முதலில் தோன்றும். செம்பரம்பாக்கம் நினைவுக்கு வரும். ஆனால் பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர் ஏரிக்குக் கொணரும் கம்பன் கால்வாய் போன்ற வரத்துக்கால்களை எண்ணுதல் வேண்டும். பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றுவது. அதன் வண்டலில் மேட்டுநிலத்துத் தென்மேற்கு மழையின் கதையும் கலந்திருக்கும். செம்பரம்பாக்கமோ மேலேரிகளின் மிகைநீரையும், அண்மைப் பத்தாண்டுகளில் கால்வாய்வழி கிருஷ்ணா நீரையும் ஏற்பது. எனவே வரத்துக்கால் வெளியிலிருந்து வராத, தன் சிறு நீர்ப்பிடிப்பில் பெய்த மழையை மட்டுமே வாங்கும் கடைக்கோடி மானாவாரி ஏரியே கூதிர்மழையைக் கலப்பின்றிச் சொல்லும். பாசனத்துறை சிறிதென ஒதுக்குவதை இவ்வாய்வு முதன்மையாகக் கொள்கிறது.

செம்பரம்பாக்கத்திற்கு வேறொரு பயன் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் நாளைய பெருமழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயிற்று, ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து, 2019 கோடையில், அதே ஏரி வற்றி வெடித்தது. நாளறிந்த வெள்ளப்படிவும் ஆண்டறிந்த வறட்சி வெடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஏரியில் கிடைப்பது அரிது. வெள்ளம் எத்தகைய அடுக்கை விட்டுச் செல்கிறது, வறட்சி அதை எவ்வளவு சிதைக்கிறது என்பதை இங்கு அளந்தால், காலமறியாத கீழடுக்குகளைப் படிப்பதற்கு அது திறவுகோலாகும். சென்னையில் 1813 முதல் கிடைக்கும் மழைப்பதிவைக் கொண்டு மேலும் கீழே செல்லலாம். வடகிழக்கு மழை பொய்த்த 1876, தாது ஆண்டுப் பஞ்சத்தின் தொடக்கம், ஈயம்-210 எட்டும் எல்லைக்குள்ளேயே உள்ளது.

அதற்கும் முன்னர்ச் செல்ல ஆவணம் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவீடு செங்கல்பட்டுச் சாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் நிலத்தை ஏரி, நன்செய், புன்செய், காடு எனப் பகுத்துக் காட்டுகிறது. 1794 முதல் 1798 வரை ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகள் பழுதுற்றுக் கிடந்ததையும் அவற்றைச் செப்பனிட்டதையும் தம் அறிக்கையில் எழுதினார். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கதையில் வருபவரும் இவரே. அக்கதையைப் பத்தியாகவே படிக்கிறோம்; மழைமிகுந்த ஓர் ஐப்பசியின் சான்றாகவும் படிக்கலாம். ஆவணத்தில் கைவிடப்பட்டதாகக் குறிக்கப்படும் ஓர் ஏரியின் கரையில் அதே காலத்தில் மண்பூச்சு நின்றுபோனது தெரியவருமாயின், இருவகைச் சான்றும் ஒன்றையொன்று உறுதிசெய்யும். முரண்பட்டால் அதுவும் நன்றே. பஞ்சத்திற்கு மழைபொய்த்தலே காரணமா, போரும் வரிச்சுமையும் காரணமா என்னும் பழைய விவாதம் புதிய பிடிமானத்தைப் பெறும்.

காலம் குறுகுதல்

2017 முதல் நடைமுறைக்கு வந்த குடிமராமத்துப் பணிகளும், உழவர் தம் வயலுக்கு வண்டல் எடுத்துக்கொள்ள வழங்கப்பட்ட இசைவும் பாசன நோக்கில் வரவேற்கத்தக்கவை. கொள்ளளவு இழந்த ஏரியைத் தூர்வாராதிருப்பது அறமன்று. இவற்றோடு, தொழிற்பேட்டை மனைகளை மேடாக்கவும் சாலை அமைக்கவும் சவுடு மண் பெயர்க்கப்படுகிறது. பொறி கொண்டு அள்ளும் ஆழம் ஓடத்தாலும் கூடையாலும் அள்ளிய ஆழத்தைவிடப் பன்மடங்கு. இவ்வட்டாரத்தில் அவ்வாறு அள்ளப்பட்ட ஓர் உள்வாயில் கட்டுரையாளர் கண்ட வெட்டுமுகத்தில் கருங்களியும் மஞ்சள் மணலும் சரளையும் தெளிவான வரிகளாக நின்றன. அடுத்த மழைக்குப்பின் சென்றபோது அம்முகம் சரிந்து நீரடியில் இருந்தது. அதைப் படம்பிடித்ததன்றி மாதிரி எடுக்கும் ஏற்பாடு அப்போது இல்லை.

தூர்வாரும் பணியைத் தடுக்கத் தேவையில்லை. பணி தொடங்குமுன் ஓர் ஏரிக்கு ஒரு துளைமாதிரி, கரை வெட்டப்படும் இடத்தில் ஒளிபுகாத குழாயில் சில மண்மாதிரிகள், வெட்டுமுகத்தின் அளவெடுத்த வரைபடம் ஆகியவை போதும். ஒரு நாள் வேலை. ஆய்வகக் கணிப்பு பின்னர் எப்போது வேண்டுமாயினும் நடக்கலாம். குளிர்ந்த இருளறையில் மாதிரி காத்திருக்கும். கல்லூரித் தமிழ், வரலாற்றுத் துறைகள் கல்வெட்டுகளிலும் பர்னார்டு கணக்குகளிலும் இடம்பெறும் ஏரிப்பெயர்களை இன்றைய நிலவரைபடத்தோடு இணைத்து, வெளிவரத்து இல்லாத மானாவாரி ஏரிகளின் பட்டியலைத் தருதல் வேண்டும். துளையிடத் தெரிந்தவருக்கு எங்கே துளையிடுவது என்பதை அப்பட்டியல் சொல்லும். திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கரை அகலப்படுத்தும் பணி கோடையில் நடப்பது. எனவே அப்பட்டியல் மாசிக்குள் ஆயத்தமாக வேண்டும்.